காய்ச்சல் விட்ட பாத்தி

மழையின் முதல் துளி விழுந்ததும் எல்லா ஊரிலும் மக்கள் ஒரே மாதிரிதான் நடந்துகொள்கிறார்கள். கொடியில் கிடக்கும் துணியை எடுக்க ஓடுகிறார்கள். கைப்பையைத் தலைக்கு மேல் பிடித்தபடி கடை வாசலில் ஒதுங்குகிறார்கள். வயல் வைத்திருப்பவர்கள் வெளியே வந்து மழைக்கு முகத்தைக் காட்டி நிற்கிறார்கள். நெல் ஆராய்ச்சிப் பண்ணையில் ஒரு பெண் மட்டும் அந்த மழையை வயலுக்குள் விடக்கூடாது என்று ஓடுவாள். அதற்குத்தான் அவளுக்குச் சம்பளம்.

பண்ணையில் அவள் பெயர் குடைக்காரி. அவளுடைய குடைக்கு ஒரு வீட்டின் அகலம். இரும்புச் சட்டத்தின் மேல் ஒளி ஊடுருவும் தகடு வேய்ந்த கூரை, கீழே சக்கரங்கள், சக்கரத்துக்குத் தண்டவாளம். வெயில் அடிக்கும்போது கூரை ஓரமாக ஒதுங்கி நிற்கும். வானம் கறுத்தால் அதைத் தள்ளிக்கொண்டு வந்து பாத்திகளை மூட வேண்டும். எந்த நெல் தாகத்தைத் தாங்குகிறது, எது தாங்கவில்லை என்று பார்க்கும் பாத்திகள் அவை. நடுவில் ஒரு தூறல் உள்ளே விழுந்தாலும் போச்சு. பரீட்சை எழுதுகிற பிள்ளையின் காதில் விடையை ஓதிய கதைதான்.

அவள் வீட்டுக்காரர் பள்ளி வேன் ஓட்டுகிறவர். வாய் சும்மா இருக்காது. "ஊரே மழை வேணும்னு தவிக்குது. நீ மட்டும் மழை மூஞ்சில கதவைச் சாத்திட்டு வர்ற. உன்னாலதான் பெய்ய மாட்டேங்குதோ என்னமோ."

"பெய்யட்டுமே. நாலு பாத்தியைத் தவிர எங்க வேணா பெய்யட்டும். நானா வேணாங்கறேன்?"

இந்த வேலைக்கு வருமுன் அவள் ஒரு மருத்துவமனையின் சலவைக்கூடத்தில் துணி உலர்த்தினாள். முற்றம் முழுக்க வெள்ளைப் படுக்கை விரிப்புகள். மழை வருமுன் அத்தனையையும் உள்ளே சேர்க்க வேண்டும். பண்ணையில் நேர்காணலின்போது, ஆராய்ச்சி நடத்தும் மேடம் கேட்டார்: "மழை வரப்போறது உங்களுக்கு எப்படிக்கா தெரியும்?" மேடம் அவளைவிட இளையவர், எல்லோரையும் அக்கா, அண்ணா என்றுதான் கூப்பிடுவார்.

"துணி நனைஞ்சா திட்டு விழும் மேடம். அந்தப் பயத்துலேயே தெரிஞ்சுடும்."

மேடம் சிரித்துவிட்டார். வேலை அப்போதே கிடைத்துவிட்டது.

பாத்திகளில் நின்ற நெல்லுக்கெல்லாம் எண்தான் உண்டு, பெயர் கிடையாது. எண்ணை வைத்துக்கொண்டு எப்படிப் பழகுவது? குடைக்காரி ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர் வைத்தாள். ஊரெல்லாம் பயிரிடுகிற, எல்லாவற்றோடும் ஒப்பிட்டுப் பார்ப்பதற்காகவே நட்டிருந்த ரகம், மாப்பிள்ளை. நன்றாகக் கவனித்தால் மூட்டை மூட்டையாகக் கொடுக்கும். ஒரு வேளை உபசாரம் குறைந்தாலும் முறுக்கிக்கொள்ளும். வெயில் கொஞ்சம் ஏறியதுமே இலையைச் சுருட்டிக்கொண்டு நிற்கும் ஒன்றுக்கு அழுமூஞ்சி என்று பெயர். எவ்வளவு காய்ந்தாலும் முகம் வாடாமல் நிற்பது அழுத்தக்காரி. இதுதான் அவளுக்குச் செல்லம். நாளடைவில் மேடமும் இந்தப் பெயர்களிலேயே பேசத் தொடங்கிவிட்டார். கூட்டத்தில் ஒருமுறை வாய் தவறி "மாப்பிள்ளையோட விளைச்சல்" என்று சொல்லிவிட்டு, இருமிச் சமாளித்தாராம்.

இந்தப் பண்ணையில் இன்னொரு பேச்சுவழக்கும் உண்டு. அது தெரியாவிட்டால் இந்தக் கதை புரியாது. வயலுக்குத் தண்ணீர் விடுவது பாய்ச்சல். தண்ணீரை நிறுத்தி மண்ணைக் காயவிடுவது காய்ச்சல். காய்ச்சலை விட்டாச்சு என்றால் மறுபடி தண்ணீர் திறக்கலாம் என்று அர்த்தம். "மேற்குப் பாத்திக்குக் காய்ச்சல் போட்டாச்சா?" என்றால் அங்கே யாரும் வெப்பமானியைத் தேட மாட்டார்கள்.

நெல்லுக்குத் தாகம் எப்போது வந்தாலும் கெடுதல்தான். ஆனால் இளம் பயிரில் வந்தால், கிளைக்கும் தூர் கொஞ்சம் குறையும், உயரம் கொஞ்சம் குறையும். பிறகு தண்ணீரைக் கண்டதும் பெரும்பாலும் தேறிவிடும். கதிர் வெளியே வராமல் இலையுறைக்குள் திரண்டு நிற்கிற பருவம் வேறு. தொண்டைக்கதிர் என்பார்கள். அதற்கு அடுத்தது பூ. இந்த இரண்டில் ஒன்றில் தாகம் பிடித்தால் பயிர் சாவதில்லை. பச்சையாகத்தான் நிற்கும். கதிரும் நிற்கும். உள்ளே அரிசி மட்டும் இருக்காது.

குடைக்காரி இதை மேடத்திடம் கேட்டுத் தெரிந்துகொள்ளவில்லை. போன வருடம் வீட்டுக்காரரின் அண்ணன் வயலில் நேரிலேயே பார்த்தாள். வயல் பார்க்க நன்றாகத்தான் இருந்தது. அந்த அண்ணன், வீட்டில் எல்லோருக்கும் பெரியவர், ஒரு கதிரை உருவி, உள்ளங்கையில் வைத்துக் கசக்கி, ஊதினார். எல்லாம் பறந்துவிட்டது. உள்ளங்கை வெறுமையாக இருந்தது. அவர் கொஞ்ச நேரம் கையை மூடவே இல்லை. அவர் நட்டிருந்தது மாப்பிள்ளை.

அதனால் இந்தப் பாத்திகளில் என்ன விளையும் என்பதில் அவளுக்கும் ஒரு பங்கு இருந்தது. அதோடு வேலையும் ஊசலாடிக்கொண்டிருந்தது. முதல் பருவம் காற்று கூரைத் தகட்டைப் பிய்த்துக்கொண்டு போனதில் சோதனை வீண். அடுத்த பருவம் எலிகள் உள்ளே புகுந்து விருந்து சாப்பிட்டுவிட்டன. பண்ணைத் தலைவர் முகத்தைச் சுளிக்காமல், குரலையும் உயர்த்தாமல் சொல்லிவிட்டார்: "இந்தத் தடவையும் ஒண்ணும் தேறலைன்னா கூரையைக் கழட்டி காய்கறி நாத்தங்காலுக்குக் குடுத்துடலாம்மா." கூரை போனால் குடைக்காரிக்கு அங்கே என்ன வேலை? சலவைக்கூடத்துக்கும் திரும்ப முடியாது. அங்கே இப்போது துணியை இயந்திரமே உலர்த்துகிறது. மழையைப் பற்றிக் கவலைப்பட ஆள் வேண்டியதில்லை.

சோதனைப் பயிர் சரியாகத் தொண்டைக்கதிரில் நிற்கும்போது அவள் மகளுக்கு உடம்பு சுட்டது.

வானம் துடைத்துவிட்ட மாதிரி இருந்ததால் மேடம் தயங்காமல் விடுப்புக் கொடுத்தார். கூரையைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு மோட்டார் அண்ணனிடம் போனது. தண்ணீர் இறைக்கும் மோட்டாரும், வாய்க்கால்களும், மடைகளும் அவர் கையில். நாள் முழுக்க மோட்டார் சத்தத்தில் இருந்து பழகியதால், பக்கத்தில் நிற்பவரிடமும் அக்கரையில் நிற்பவரிடம் பேசுகிற மாதிரிதான் பேசுவார். அவரிடம் அவள், "பிள்ளைக்கு உடம்பு சரியில்லண்ணே" என்று மட்டும்தான் சொல்லியிருந்தாள். என்ன உடம்பு என்று அவர் கேட்கவில்லை, இவளும் சொல்லவில்லை.

மோட்டார் அண்ணனுக்கு இந்தச் சோதனையே ஆகாது. வாழ்நாள் முழுக்கப் பயிருக்குத் தண்ணீர் விட்ட மனிதர். கைக்கெட்டும் தூரத்தில் தண்ணீரை வைத்துக்கொண்டு பயிரை வாடவிடுவது அவருக்குக் கொடுமையாகப் பட்டது. அந்தப் பக்கம் போனாலே முகத்தைத் திருப்பிக்கொண்டுதான் போவார். "எப்பம்மா இந்தக் காய்ச்சலை விடப்போறீங்க?" என்று குடைக்காரியைத் தினமும் நச்சரிப்பார். மேடம் அவளிடம் சொல்வார், அவள் அவரிடம் சொல்வாள், அவர் மடையைத் திறப்பார், அதுதான் ஏற்பாடு.

மகள் எழுந்து உட்கார்ந்து, பால் கேட்டு, அதில் ரொட்டியைத் தோய்த்துத் தின்று, அப்பா ஊட்டுவது சரியில்லை என்று சண்டையும் போட்டாள். நெற்றியைத் தொட்டால் குளிர்ந்திருந்தது. குடைக்காரிக்கு உயிர் வந்தது. தொலைபேசியை எடுத்து மோட்டார் அண்ணனுக்கு ஒரு குரல்பதிவு அனுப்பினாள்:

"அண்ணே, காய்ச்சல் விட்டுருச்சு. இனிமே கவலையில்ல. நான் கிளம்பி வந்துட்டே இருக்கேன்."

பேருந்தில் ஜன்னலோர இடம் கிடைத்தது. பதில் வந்தது. மோட்டார் பின்னால் இரைய, அண்ணனின் குரல் அந்த இரைச்சலுக்கும் மேலே கேட்டது:

"ரொம்ப சந்தோஷம்மா. இதோ, நானும் விட்டுட்டேன்."

பாவம், இவருக்கும் காய்ச்சலா, நம்மிடம் சொல்லவே இல்லையே என்று நினைத்தாள். நல்ல வேளை, அவருக்கும் விட்டுவிட்டது. பேருந்து ஒரு நிறுத்தத்தில் நின்று ஆட்களை ஏற்றிக்கொண்டு நகர்ந்தது. அவளுக்குள் ஏதோ ஒன்று உறுத்தியது. பதிவை மறுபடி கேட்டாள். நானும் விட்டுட்டேன். எதை?

 அண்ணனைக் கூப்பிட்டாள், மணி அடித்துக்கொண்டே இருந்தது. மோட்டார் ஓடும்போது அவர் காதுக்கு இடியே எட்டாது. மேடத்தைக் கூப்பிட்டாள், மேடம் கூட்டத்தில். பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மாள், "என்னம்மா, யாருக்காவது ஏதாவது ஆயிடுச்சா?" என்றார்.

"தண்ணி விட்டுட்டாங்கம்மா."

"குழாய்லயா?"

"நெல்லுக்கு."

அம்மாள் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்துகொண்டார்.

பண்ணை வாசலில் இறங்கியவள் நடக்கவில்லை. காவலாளி சலாம் வைக்கக் கையைத் தூக்கியபோது அவள் அவரைத் தாண்டிவிட்டாள். தண்டவாளம் கண்ணில் படும் முன்பே சத்தம் கேட்டது: வெடித்த மண்ணுக்குள் தண்ணீர் இறங்குகிற சத்தம். மண் குடம் குடமாகக் குடித்துக்கொண்டிருந்தது. மோட்டார் அண்ணன் வரப்பில் நின்று, நீண்ட நாளைக்குப் பிறகு முகத்தைத் திருப்பிக்கொள்ளாமல், பாத்தியையே பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்.

"அண்ணே, மூடுங்க, மடையை மூடுங்க."

"என்னம்மா, நீதானே விட்டுருச்சுன்னே?"

"காய்ச்சல் விட்டது என் பிள்ளைக்கு."

அவர் முகத்தில் சிரிப்பு அணைந்த வேகத்தைக் குடைக்காரி அதற்குப் பிறகும் மறக்கவில்லை. மனிதர் மடைக்கு ஓடினார். அவள் பாத்திக்குள் குதித்தாள். முதல் வரிசை முழுக்க நனைந்துவிட்டது. நாக்கை நீட்டுகிற மாதிரி தண்ணீர் இரண்டாவது வரிசையின் வரப்பைத் தொட்டுக்கொண்டிருந்தது. மண்ணை வாரி வாரி அணை போட்டாள். ஒரு ஓரம் கசிந்தபோது கைப்பையை அப்படியே அதில் வைத்து அமுக்கி, அதன்மேல் ஏறி நின்றாள். அண்ணன் மடையை அடைத்துவிட்டு வந்து பார்த்தபோது, அவள் முழங்கால் வரை சேறாக, பைமேல் சிலை மாதிரி நின்றுகொண்டிருந்தாள்.

அதே ரகங்களைத்தான் மூன்று வரிசையாகத் திரும்பத் திரும்ப நட்டிருந்தார்கள். ஒன்றுக்கு ஏதாவது ஆனாலும் மற்றவை இருக்கட்டும் என்ற ஏற்பாடு. வரிசைகளுக்கு நடுவே மண்ணுக்கடியில், ஒன்றின் ஈரம் மற்றதற்குப் போகாமல், கனத்த பிளாஸ்டிக் தாளையும் இறக்கியிருந்தார்கள். ஆனால் போன பருவம் எலிகள் அந்தத் தாளையும் விட்டுவைத்தனவா என்று யாருக்குத் தெரியும்? ஓட்டை இருந்தால் அடியோடு ஈரம் பரவியிருக்கும். பரவியிருந்தால் மூன்று வரிசையும் போச்சு, சோதனை போச்சு, கூரை போச்சு.

மேடம் கூட்டத்திலிருந்து நேராக வந்தார். பாத்தியைப் பார்த்தார். வரப்பில் உட்கார்ந்துவிட்டார்.

"யாரு விட்டது?"

"நான்தான் மேடம்" என்றாள் குடைக்காரி.

"நான்தாங்க" என்றார் மோட்டார் அண்ணன், அதே நேரத்தில்.

"ஒரு மடையை ரெண்டு பேர் எப்படித் திறந்தீங்க?"

அண்ணன் தொலைபேசியை எடுத்துக் குரல்பதிவைப் போட்டுக் காட்டினார். மேடம் ஒருமுறை கேட்டார். இன்னொருமுறை போடச் சொன்னார். உதட்டைக் கடித்துக்கொண்டு வேறு பக்கம் பார்த்தார். பிறகு, "பாப்பாவுக்கு இப்ப எப்படி இருக்குக்கா?" என்றார்.

"காய்ச்சல் விட்டு..."

"அந்த வார்த்தையை மறுபடி சொல்லாத தாயி" என்றார் அண்ணன்.

மேடம் அதற்குமேல் தாங்காமல் சிரித்துவிட்டார்; சிரித்து முடித்தபோது கண்ணைத் துடைத்துக்கொண்டது வேறு எதற்காகவும் இருக்கலாம். "நாளைக்கு வெயில் ஏறட்டும். ரெண்டாவது வரிசை இலை சுருளுதான்னு பார்ப்போம். சுருண்டா தப்பிச்சோம். விரிஞ்சு நின்னா அடியில தண்ணி போயிடுச்சுன்னு அர்த்தம்."

மறுநாள் வெயில் ஏறும்வரை குடைக்காரி அந்தப் பக்கமே போகவில்லை. கூரைச் சக்கரத்துக்கு எண்ணெய் போட்டாள். போட்ட சக்கரத்துக்கே மறுபடியும் போட்டாள். கடைசியில் மோட்டார் அண்ணன்தான் வந்து கூப்பிட்டார். மேடம் ஏற்கெனவே அங்கே குனிந்து நின்றார்.

நனைந்த முதல் வரிசை நாடாவை விரித்துப் போட்ட மாதிரி நின்றது. மாப்பிள்ளை தலை வாரி, முகம் கழுவி வந்த தோரணையில் இருந்தது. வரப்பைத் தாண்டி இரண்டாவது வரிசை. அங்கே அதே மாப்பிள்ளை இலையைக் குழலாகச் சுருட்டிக்கொண்டு நின்றது. அழுமூஞ்சி வழக்கம்போல எல்லோருக்கும் முன்னால் சுருண்டிருந்தது. மூன்றாவது வரிசையிலும் அப்படியே. மண்ணில் விரல் நுழைகிற வெடிப்பு.

மோட்டார் அண்ணன் ஒரு இலையைத் தொட்டுப் பார்த்துவிட்டு, பண்ணைக்கே கேட்கிற குரலில், "காஞ்சு கிடக்கும்மா. நல்லாக் காஞ்சு கிடக்கு" என்றார். பயிர் வாடியதற்காக அந்த மனிதர் வாழ்நாளில் சந்தோஷப்பட்டது அன்று ஒருநாள்தான். குடைக்காரி அப்படியே வரப்பில் உட்கார்ந்து, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். 

மேடம் முதல் வரிசையைப் பார்த்தபடி நின்றார். "இதை என்ன பண்றது? பிடுங்கிடலாமா?"

"நனைஞ்சது நனைஞ்சுடுச்சு. இருக்கட்டுமே மேடம்" என்றாள் குடைக்காரி. "இடத்தை அடைக்கப் போகுதா?"

மேடம் யோசித்தார். "இருக்கட்டும். இன்னொரு தண்ணி கிடையாது. இது ஒண்ணோட நிக்கட்டும்."

அதன்பின் வானம் பலமுறை ஏமாற்றப் பார்த்தது. குடைக்காரி ஏமாறவில்லை. ஒரு மாலை தடதடவென்று பெய்த மழையில் அவளும் அண்ணனும் கூரையைத் தள்ளி மூடிவிட்டு, தாங்கள் வெளியே நின்று தொப்பலாக நனைந்தார்கள். உள்ளே ஒரு துளி இல்லை.

அறுவடை முடிந்து, கதிரடித்து, காகிதப் பைகளில் நெல் வந்து சேர்ந்தது. எடை போடும் அறை சின்னது: ஒரு மேசை, ஒரு தராசு, சத்தம் போடுகிற மின்விசிறி, தரையில் வரிசையாக வாளிகள். வாளிகளில் உப்புக் கரைத்த தண்ணீர். நெல்லை அதில் கொட்டினால் அரிசி பிடித்தது மூழ்கும், பதர் மிதக்கும். எதையும் மறைக்க முடியாது.

வெளியே எதிர்பார்க்காமல் பண்ணைத் தலைவரின் வண்டி வந்து நின்றது. அவர் உள்ளே வந்து, "நீங்க பாருங்க, நான் சும்மா நிக்கறேன்" என்று சுவரோரமாக நின்றார். தலைவர் சும்மா நின்றால் அறையில் காற்றே குறைந்துவிடும்.

முதல் வாளியில் காய்ந்த வரிசையின் மாப்பிள்ளையைக் கொட்டினார்கள். தண்ணீரே தெரியவில்லை, மேலே அத்தனையும் பதர். குடைக்காரிக்குப் பெரியவரின் வெறும் உள்ளங்கை நினைவுக்கு வந்தது. அடுத்து அவளுடைய செல்லம், அழுத்தக்காரி. பாதிக்கு மேல் மிதந்தது.

"அவ்வளவு நாள் வாடாம நின்னுச்சே மேடம்" என்றாள், ஏமாற்றத்தை மறைக்காமல்.

"இலை வாடலை. இருந்த தண்ணியையெல்லாம் இலையே குடிச்சுத் தீர்த்துடுச்சோ என்னமோ. கதிருக்கு மிஞ்சலை."

பிறகு அழுமூஞ்சி. கொட்டினார்கள். அரிசி குலுக்குகிற மாதிரி ஒரு சத்தத்தோடு நெல் அடியில் போய் உட்கார்ந்தது. மேலே மிதந்ததை ஒரு கை வாரி எடுத்துவிடலாம். மூன்றாவது வரிசை அழுமூஞ்சியும் அப்படியே.  

"முதல்லயே இலையைச் சுருட்டிக்கிட்டு, தண்ணியைச் சேர்த்து வச்சிருக்கு" என்றார் மேடம் மெதுவாக. "அப்படித்தான்னு இப்பவே சொல்லிட முடியாது. வேரைத் தோண்டிப் பார்க்கணும். இன்னொரு பருவமும் போட்டுப் பார்க்கணும்."

அப்போதுதான் தலைவர் ஓரத்தில் தனியாக இருந்த பைகளைக் காட்டினார். "அது என்ன?"

மேடமும் குடைக்காரியும் வாசலில் நின்ற மோட்டார் அண்ணனும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். மேடம் மறைக்கவில்லை. "அது தப்புல தண்ணி பட்ட வரிசை சார். தொண்டைக்கதிர் சமயத்துல ஒரே ஒரு தண்ணி. காய்ச்சல் போட்டப்புறம் அதுக்கு முன்னாடியும் இல்லை, பின்னாடியும் இல்லை."

"போடுங்க பார்ப்போம்."

முதல் வரிசை மாப்பிள்ளையைக் கொட்டினார்கள். மேலே மிதந்தது கொஞ்சம்தான். மீதியெல்லாம் அடியில். தலைவர் சட்டைக் கையை மடித்துவிட்டு, வாளிக்குள் கையை விட்டு ஒரு நெல்லை எடுத்துக் கடித்துப் பார்த்தார். பக்கத்து வாளியில் மிதந்த அதே மாப்பிள்ளையைப் பார்த்தார்.

"ஒரே ஒரு தண்ணியா?"

"ஒரே ஒண்ணுதாங்க" என்றார் மோட்டார் அண்ணன், வாசலிலிருந்து. "விட்டது நான்தான்."

தலைவர் நெல்லை மென்றுகொண்டே நின்றார். "அடுத்த பருவம் இதையும் ஒரு வரிசையா வைங்க. இந்தத் தடவை தெரிஞ்சே விடுங்க." போகும்போது கதவருகில் நின்று, "அந்தக் கூரைச் சக்கரம் கிறீச்சுங்குதே, மாத்தணும்னா சொல்லுங்க" என்றார்.

மாற்றுவதென்றால், கூரை இருக்கும். கூரை இருந்தால், குடைக்காரியும் இருப்பாள்.  மிதந்த பதரையெல்லாம் வழித்தெடுத்து, வாளிகளைக் கழுவி, கவிழ்த்து வைத்தாள்.

வீட்டுக்குப் போனதும் பெரியவரைத் தொலைபேசியில் கூப்பிட்டுச் சொன்னாள்: அழுமூஞ்சி விதை வர இன்னும் காலம் ஆகும், அதுவரை, தண்ணீர் குறைவாக இருந்தால் இருப்பதை முன்னாலேயே தீர்க்காமல், ஒரு தண்ணீரைத் தொண்டைக்கதிருக்கு மிச்சம் வைக்க வேண்டும். 

"யாரும்மா கண்டுபிடிச்சது இதை?"

"உங்க தம்பி மகதான். காய்ச்சல்ல படுத்துக்கிட்டே கண்டுபிடிச்சா."

வேன் துடைத்துக்கொண்டிருந்த வீட்டுக்காரர், "அதானே பார்த்தேன், என் மூளை எங்க போகும்?" என்றார்.

அடுத்த பருவம் வந்தது. முதல் வரிசைக்கு ஒரு தண்ணீர் விடுகிற நாளும் வந்தது. மேடம் சொல்ல, குடைக்காரி கூரையடியில் நின்றபடியே மோட்டார் அண்ணனைத் தொலைபேசியில் கூப்பிட்டாள்.

"அண்ணே, காய்ச்சலை விட்டுடுங்க."

அன்று தொலைபேசியைக் கையிலேயே வைத்திருந்தவர் மோட்டாரை நிறுத்திவிட்டார். அந்தப் பக்கம் அப்படியொரு அமைதியை அவள் கேட்டதே இல்லை.

"யாருக்கு?"

"நெல்லுக்குண்ணே."

"பாப்பா எப்படி இருக்கா?"

"ஸ்கூலுக்குப் போயிருக்கா."

"வீட்ல வேற யாருக்காவது?"

"யாருக்கும் ஒண்ணும் இல்ல."

"சரி. மேடத்தை ஒரு தடவை பேசச் சொல்லு" என்றார் மோட்டார் அண்ணன். "அப்புறம் திறக்கறேன்."